படிக்கட்டுக் கேஸில் ஒன்றரை வெற்றி

மாடி வீட்டில் குடியிருக்கும் என் அருமைத் தம்பிக்கு, அதே வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். நீயும் நலமாய்த்தான் இருக்கிறாய் என்று இன்று காலை உன் தும்மலிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆவி பிடி. மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேஸ் முடியும்வரை எதிர்த்தரப்பிடம் வாய் திறக்கவே கூடாது என்பது என் வக்கீலின் உத்தரவு. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மேல்கோர்ட்டில் இன்று தீர்ப்பு வந்துவிட்டது. உன் வக்கீல் உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பார். அதை நம்பாதே. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு உன் பக்கத்துக் கதை மட்டும்தான் தெரியும். அப்பா கீழ்வீட்டை எனக்கும் மேல்வீட்டை உனக்கும் எழுதி வைத்தார், நடுவில் இருக்கும் படிக்கட்டை மறந்துவிட்டார். அது என் முன்கூடத்தில் தொடங்கி உன் வாசலில் முடிகிறது. உன் மனைவி பாட்டு வகுப்பு ஆரம்பித்தாள், வந்த பிள்ளைகள் எல்லாம் படிக்கு ஒரு ஜோடியாய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள், நான் நான்கு தரம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு ஐந்தாம் தரம் இரும்புக் கேட் போட்டேன். ஒரு நாள் காலை அந்தக் கேட் பூட்டிக் கிடந்தது. நீ கடை திறக்கப் போக முடியாமல் மத்தியானம் வரை மாடியில் நின்றாய். உடனே அண்ணன் என்றும் பாராமல் ஒன்றுக்கு இரண்டாய்க் கேஸ். படிக்கட்டு இருவருக்கும் பொது என்று சிவிலில் ஒன்று, உன்னை அடைத்து வைத்தேன் என்று கிரிமினலில் ஒன்று. கீழ்க்கோர்ட்டில் இரண்டிலும் எனக்கு எதிராகத் தீர்ப்பு, கிரிமினலில் அபராதம் வேறு. நான் இரண்டுக்கும் அப்பீல் போனேன். ‘ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் இந்த வீட்டுல இருக்கப் போறதில்ல’ என்று நீ உன் அண்ணியிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. நான் சிரித்தேன். பள்ளிக்கூட நாளிலேயே வீட்டை விட்டுப் போகிறேன் என்று கிளம்பித் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தவன் நீ.

அப்பீல் விசாரணை அன்றைக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. சாட்சிக்குத் துணி தேய்க்கிறவரைக் கூட்டிக்கொண்டேன், உன் அண்ணியைக் கூட்டிக்கொண்டேன், பிள்ளைகள் படியில் விட்டுப்போன ஒற்றைச் செருப்புகளை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டேன். வாசலில் கோர்ட் ஊழியர் மறித்தார். “ஐயா, செருப்பெல்லாம் வெளியே விட்டுட்டு வாங்க.” நான், “இது கால்ல போடறது இல்லீங்க, சாட்சிக்கு” என்றேன். அதற்குள் என் வக்கீல் ஓடிவந்தார். தொண்டையைக் கனைக்காமல் அவருக்கு வாக்கியம் தொடங்காது, உனக்குத்தான் தெரியுமே. கனைத்துவிட்டுச் சொன்னார்: “இங்க சாட்சியே கிடையாதுங்க. கீழ்க்கோர்ட்ல யார் யார் என்ன சொன்னாங்க, என்ன கொடுத்தாங்க, எல்லாம் இந்தக் கட்டுல இருக்கு. இதைத் தாண்டிப் புதுசா எதையும் எடுத்துக்க மாட்டாங்க. கீழ நடந்ததுல சட்டப்படி தப்பு இருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க.” அப்படியென்றால் நான் எதற்கு வந்தேன் என்றேன். “நீங்க வரணும்னு அவசியமே இல்லீங்க” என்றார். துணி தேய்க்கிறவருக்கு அரை நாள் வேலை கெட்டது. ஆனால் இந்த முறையில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாய் இருந்தபோது என் மேலதிகாரி வந்து என் ரசீதுப் புத்தகத்தைத்தானே புரட்டிப் பார்ப்பார், நான் அபராதம் போட்ட பயணியைத் தேடிப் பிடித்து, ‘நீ டிக்கெட் எடுத்தியாப்பா’ என்றா கேட்பார்?

மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். இடது பக்கம் இருந்தவர் அவர் சொன்னதற்கெல்லாம் தலையசைத்தார். வலது பக்கம் இருந்தவர் தூங்குகிறார் என்றே நினைத்தேன். வக்கீல்களுக்குப் பேச அளந்து நேரம் கொடுக்கிறார்கள், முடிந்தால் மேசையில் சிவப்பு விளக்கு எரிகிறது, நம்மவர் பாதி நேரத்தைக் கனைப்பிலேயே கழித்துவிட்டார்.

முதலில் கிரிமினல். “கேட்டைப் பூட்டினதை யாராவது பாத்தாங்களா?” என்று அம்மாள் கேட்டார். அரசு வக்கீல், “பாக்கல. ஆனா சாவி இவர்கிட்டதான் இருந்தது” என்றார். “வேற யார்கிட்டயும் சாவி இல்லையா?” அவர் கட்டைப் புரட்டினார், விழித்தார். “இவர் மனைவிகிட்டயும் ஒண்ணு இருந்திருக்கு.” அவ்வளவுதான், பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கிரிமினல் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டுமாம், இங்கே சந்தேகம் பின் பெஞ்சில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறது. கீழ்க்கோர்ட் இதை யோசிக்கவே இல்லை என்று இன்றைய தீர்ப்பில் சொல்லி அபராதத்தை ரத்து செய்து என்னை விடுதலை பண்ணிவிட்டார்கள். தீர்ப்புக் கேட்டு வீடு வந்ததும் உன் அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். “நான் பூட்டலைன்னு நான் எங்க போய் அப்பீல் பண்றது?” அவளுக்குச் சட்டம் போதாது.

அடுத்தது சிவில். அதே கேட், அதே பூட்டு, அதே நான். ஆனால் இங்கே சந்தேகத்துக்கு மரியாதை இல்லை. இரண்டு பேர் சொல்வதில் எது கூடுதலாய் நம்பும்படி இருக்கிறதோ அதுவே போதுமாம். அந்த அம்மாள் சொன்னார்: “கீழ்க்கோர்ட் நீதிபதி நேர்ல போய் அந்தப் படிக்கட்டைப் பாத்திருக்கார், சாட்சிகளோட முகத்தைப் பாத்துக் கேட்டிருக்கார். நாங்க காகிதத்தைத்தான் பாக்கறோம். எங்களுக்கு வேற மாதிரி தோணுதுங்கறதுக்காக அவர் கண்டதை மாத்த முடியாது.” நம்மவர் விடவில்லை. படி பொதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் மாமனார் சொல்லக் கேட்டதாகக் கீழ்க்கோர்ட்டில் சொன்ன பேச்சை எல்லாம் சாட்சியம் என்று எடுத்துக்கொண்டது தப்பு என்று ஒரு போடு போட்டார். எனக்கே புல்லரித்தது. “அதை அங்கேயே ஆட்சேபிச்சீங்களா?” என்றார் அம்மாள். அங்கே சொல்லாத ஆட்சேபணையை இங்கே கொண்டுவர முடியாதாம். நம்மவர் திரும்பி என்னைப் பார்த்தார். கீழ்க்கோர்ட்டில் அன்றைக்கு அவர் ஆட்சேபிக்க எழுந்திருக்கத்தான் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து என்னை ரொம்ப நேர்மையான மனுஷர் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நல்ல வார்த்தை பேசுகிறவரைக் குறுக்கே வெட்டக் கூடாது என்று நான்தான் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அது மரியாதை. அதைப் போய்க் குற்றம் என்கிறார்கள்.

ஆக, படிக்கட்டு பொது, கேட்டை எடு என்று இருவர். ஆனால் தம்பி, தூங்குகிறார் என்று நான் நினைத்தேனே, அவர் தனித் தீர்ப்பு எழுதியிருக்கிறார். முன்கூடம் அண்ணனுக்கு என்று உயிலில் இருந்தால் கூடத்தில் நிற்கும் படியும் அண்ணனுக்கே என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். டிக்கெட் இல்லாதவன் முகமே எனக்குத் தெரியும், அறிவாளி முகம் தெரியாதா? சிறுபான்மைத் தீர்ப்புக்குப் பலன் இல்லை என்று வக்கீல் சொல்கிறார். நான் அதை அரை வெற்றியாக எடுத்துக்கொள்கிறேன். கிரிமினலில் ஒன்று, சிவிலில் அரை, மொத்தம் ஒன்றரை. இதற்கு மேலும் ஒரு கோர்ட் இருக்கிறது, அங்கே எல்லாக் கேஸையும் எடுக்க மாட்டார்கள், பெரிய சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்களாம். செருப்பை எங்கே கழற்றுவது என்பதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது? அடுத்த வாரமே மனுப் போடுகிறேன். தயாராய் இரு.

உன் மனைவிக்கு என் ஆசிகள். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் தொண்டை கட்டுகிறது, கவனித்துக்கொள்ளச் சொல். கேஸ் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நீ வெற்றி பெற்று நெடுங்காலம் வாழ வாழ்த்தும்,
உன் அண்ணன் (மேல்முறையீட்டாளர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். “உங்க தம்பி வீடு பாத்தாச்சு. நாளைக்கு சாமான் ஏத்த வண்டி வருது. பாட்டுப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டாங்க” என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். நான் உடனே வக்கீலுக்குப் போன் போட்டேன், தம்பி போகாமல் இருக்கத் தடை உத்தரவு வாங்க முடியுமா என்று கேட்டேன். அப்படி ஒரு சட்டம் இல்லை என்றார். படி வழியாய்ச் சாமானை இறக்கக் கூடாது என்றாவது வாங்க முடியுமா என்று கேட்டேன். “அதைத்தானே தோத்துட்டோம்” என்றார். இந்த முறை அவர் கனைக்கக்கூட இல்லை.

நான் ஜெயித்திருந்தால் உன் பீரோவை நடுப்படியில் மறித்திருப்பேன். இப்போது அது உன் படியும்தான், யார் என்ன சொல்ல முடியும். இனி மனு எதுவும் போடப் போவதில்லை. கேட்டைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டேன். எந்தக் கோர்ட்டிலும் செல்லாது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். போகாதேடா.