சம்பந்தி பெய்ய வைத்த மழை

தாம்பரத்தில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஜாவாவில் மழை பெய்ய வைத்த ஒரே மனிதன் எங்கள் கிளாஸ் சம்பந்திதான். தெரியாது என்று சொன்னால் அந்த ஆள் தாம்பரமே இல்லை.

பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. புரோகிராம் எழுதுகிறவர்கள், அடுத்தவர் எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் துண்டுகளை, அதாவது லைப்ரரியை, நெட்டிலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்வது வழக்கம். இவன் மட்டும் பெண் பார்க்க வந்த மாதிரி விசாரிப்பான்.

"மச்சான், இவன் தனியா வரானா, குடும்பத்தோட வரானா?"

"சின்ன லைப்ரரிதாண்டா" என்பேன்.

"இன்னாடா சின்னது? இவன் பின்னாடி ஒருத்தன், அவன் பின்னாடி அவன் மச்சான் வந்துகினு கீறான். அதுல ஒருத்தன் ஈமெயில் அனுப்புறவன், மழை வரைய அவன் எதுக்கு? வேணாம், அனுப்பிடு!"

அந்த விசாரணையில் பாஸான சிலர் மட்டும், வெர்ஷன் மாறாமல், அவன் கழுத்தில் தொங்கும் பென்டிரைவில் குடியேறுவார்கள்.

ஃபைனல் இயர் புராஜெக்ட், ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, அவன் ஊரான முடிச்சூரில் பெய்யும் மழையைத் திரையில் காட்டுவது. மவுஸைத் திருப்பினால் தெரு திரும்பும், கண்ணெதிரே தண்ணீர் ஏறும். பக்கத்து டீம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஜாவாலயா? பேங்க்ல கணக்கு எழுத வுடுறா அதை. நடுவுல நின்னு குப்பை பொறுக்கும்!"

உண்மைதான். பழைய துளிகள் மெமரியில் சேரச் சேர, அவற்றைக் கூட்டிப் பெருக்க ஜாவா ஒரு கணம் நிற்கும். மழை அந்தரத்தில் தொங்கும். "வெளியிலருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னாடி நின்னுச்சுன்னா ஃபெயில்தான்" என்று எங்கள் புராஜெக்ட் மேடமும் சொல்லிவிட்டார்.

சம்பந்தி அசரவில்லை. "புதுத் துளியே வேணாம் மச்சான். கீழ வுழுந்தவனையே தூக்கி மேல வுடு."

டெமோ அன்று நிஜ மழை. காலேஜில் நெட் காலி. லேப் கம்ப்யூட்டரில் புராஜெக்டைப் புதிதாகப் போட்டுத்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். பக்கத்து டீமின் லைப்ரரிகளோ நெட்டில். திரையில் வட்டம் சுற்றியது, அவர்கள் தலையும்.

சம்பந்தி பென்டிரைவைச் செருகினான். முடிச்சூரில் பெய்தது பாருங்கள் ஒரு மழை, ஒரு துளிகூடத் திக்கவில்லை!

"நெட் இல்லாம எப்படிப்பா?" என்றார் எக்ஸ்டர்னல்.

"வேண்டியவங்க எல்லாம் முன்னாடியே மண்டபத்துக்கு வந்துட்டாங்க சார்."

கைதட்டல் அடங்குவதற்குள் பென்டிரைவைப் பக்கத்து டீமிடம் நீட்டினான். "உங்க ஆளுங்களையும் விசாரிச்சு வச்சிக்கீறேன். எடுத்துக்கோ."

இன்று ஆபீஸில் எந்த லைப்ரரியைத் தொட்டாலும் அவன் குரல்தான் கேட்கிறது. அன்று அரியர் மூட்டையோடு நின்ற என்னை ஒரு டீமும் சேர்க்கவில்லை. லைப்ரரிக்கெல்லாம் பூர்வீகம் விசாரித்தவன், என்னிடம் மட்டும் எதுவுமே கேட்கவில்லை. "வா மச்சான், உக்காரு" என்றான்.