மறப்பதற்கு ஒரு பரீட்சை

"அப்போ பால் வாங்க மறந்ததுக்கும் கறி சாப்பிடாததுதான் காரணமா?"

"வேற என்னவாம்? தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு," என்றான், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆட்டுக்கறி என்றால் உயிர். கேட்டவள் அவன் மனைவி. மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர். சிவப்பு இறைச்சி இளவயதுக்காரர்களின் மூளையை என்ன செய்கிறது என்று அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் போதாததால் கணவனையே பிடித்துப் போட்டுவிட்டாள். தொடக்கத்தில் ஒரு ஞாபகப் பரீட்சை, நடுவில் மூன்று மாதம் கறி கிடையாது, முடிவில் மறுபடி பரீட்சை. ஞாபகம் குறைந்திருந்தால் கறி வீட்டுக்குத் திரும்பும். கூடியிருந்தால் இனி எப்போதும் கிடையாது. புருஷன் பெண்டாட்டிக்குள் அப்படி ஒரு பேச்சு.

ஆகவே மறப்பது என்று முடிவு செய்தான்.

பாலை மறந்ததற்கு, தூக்கம் போதவில்லை என்று கோழி அடையும் நேரத்துக்கே படுக்க வைத்தாள். மச்சினியின் பெயரை மறந்ததற்கு, தினமும் ஒரு பிடி பாதாம் ஊறவைத்துத் தந்தாள். கல்யாண நாளை மறந்துபார்த்தான். அதற்கு மருந்து எதுவும் தரவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள்.

இதைவிடப் பெரிய தொல்லை, எதையெல்லாம் மறந்தான் என்பதை மறக்கக் கூடாது. மச்சினி போன் செய்தால் தடுமாற வேண்டும். சாவி ஆணியில் தொங்கினாலும் அரிசி டப்பாவுக்குள் தேட வேண்டும். லிஃப்டின் கூரைமேல் நின்று ஒயரை முடுக்கும்போதும் உதடுகள் முணுமுணுத்தன: பால், மச்சினி, சாவி, குடை. இருப்புக்கொள்ளவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். இந்த மூன்று மாதமும் உண்மையே சொல்லியிருந்தாலும் அவனுக்குக் கீரைதான் கிடைத்திருக்கும்.

பரீட்சை நாள் வந்தது. பேராசிரியர் அம்மாள் ஒரு கட்டுப் படங்களைக் காட்டினார். பிறகு வேறு படங்களோடு கலைத்து, ஒவ்வொன்றாக நீட்டி, முன்பு பார்த்ததா இல்லையா என்று கேட்டார். பார்த்த கத்தரிக்கோலை இல்லை என்றான். பார்க்காத ஒட்டகத்தை ஆமாம் என்றான். சட்டை நனைய, ஒன்று விடாமல் தப்பாகச் சொல்லி முடித்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளே என்று பாவமாக இருந்தது. கறி வேகும் வாசனையும் வந்தது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாம அடிச்சு விட்டாக்கூட பாதி சரியா வந்துடும், தம்பி. ஒண்ணுகூடச் சரியா வராமப் பாத்துக்கணும்னா அத்தனையும் ஞாபகம் இருக்கணும். கறி சாப்பிட்டப்போ இதே பரீட்சையில எத்தனை இடத்துல தடுமாறினீங்க... எங்க ஆராய்ச்சிக்காக இன்னும் ஒரு அஞ்சு வருஷம் கறியைத் தொடாம இருப்பீங்களா?"