பூட்டுக்குப் பதில் பூட்ஸ்

பதுளைக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை. திருடர்கள் வந்துவிட்டார்கள். அதுவும் பட்டப்பகலில், ஆண்களெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போகும் நேரம் பார்த்து. கடைத்தெருவில் இரண்டு வீடுகளைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புடைவைக் கடை மர்ஸூக்கின் வீட்டிலோ, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை முழுவதும் அலமாரியில். பின்கதவில் பூட்டே இல்லை.

"நல்ல பூட்டு ஒண்டு வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி ஹம்ஸியா.

மர்ஸூக் ஏலத்துக்குப் போய், சீமைக்குத் திரும்பிய பசறைத் தோட்டத்துத் துரையின் பழைய பூட்ஸைச் சுமந்து வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டுக்குட்டி படுத்துத் தூங்கலாம்.

"பூட்டு வாங்கச் சொன்னா பூட்ஸா?"

"பூட்ட உடைக்கலாம். துரைய உடைக்கேலுமா? இதப் பின்வாசல்ல வெச்சா, உள்ளுக்குத் துரை ஈக்கிறாருண்டு கள்ளன் நடுங்குவான்."

"நடுங்காட்டி?"

"துரை தூங்குறாருண்டு சொல்லு. மிச்சத்த பூட்ஸ் பாத்துக்கொள்ளும்."

வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து, சலவை வெள்ளைச் சாரமும் துருக்கித் தொப்பியுமாக மர்ஸூக் திரும்பியபோது, கொல்லையில் கோடரிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். முன்பின் தெரியாத மீசைக்காரன் ஒருவன், வியர்க்க வியர்க்க விறகு கொத்திக்கொண்டிருந்தான்.

"யாரப்பா நீ?"

"உஸ்! மெதுவாப் பேசுங்க. தொரை தூங்குறாரு."

"எந்தத் துரை?"

"இந்த வீட்டுத் தொரைதான்!"

தான் சொல்லிக்கொடுத்த பொய்யே மர்ஸூக்குக்கு மறந்துபோயிற்று. இந்த வீட்டில் தூங்குகிறவர் தான் ஒருவர்தானே? தான்தான் வெளியே நிற்கிறோமே! அப்படியானால் உள்ளே யார்?

ஜன்னல் இடுக்கிலிருந்து ஹம்ஸியாவின் குரல் வந்தது. "வந்திட்டியா மர்ஸூக்?"

அவர் ஆடிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவர் பெயர் வந்ததில்லை. 'நீ'யும் வந்ததில்லை.

"துரைக்குக் குளிக்க வெந்நி வேணுமாம். கெணத்துல தண்ணி எடு!"

மர்ஸூக் ஜன்னலோரம் ஓடினார். "யாருடி அவன்?"

"கள்ளன்" என்று கிசுகிசுத்தாள் ஹம்ஸியா. "வேலி ஏறிக் குதிச்சான். பூட்ஸக் கண்டு மரமா நிண்டுட்டான். யாருண்டு கேட்டேன். வெறகு கொத்த வந்தேண்டு பொய் சொன்னான். அப்ப கொத்துண்டேன்."

"பொலிசுக்குப் போறேன்!"

"நானும் நகையும் கோடரிக்காரனோட தனிய நிக்கவா? நீங்கதான் ஊட்டுக்காரருண்டு தெரிஞ்சா, துரை இல்லண்டும் தெரிஞ்சிடும். பேசாமத் தண்ணி எடுங்க."

மர்ஸூக் சாரத்தை மடித்துக் கட்டினார். வாளி இறங்கியது, ஏறியது, இறங்கியது.

"கையில உசுரு இல்லியா? இழுத்து எறைய்யா" என்று அதட்டினான் மீசைக்காரன். "தொரை முழிச்சா என்னையுமில்ல ஏசுவாரு!"

கள்ளன் பூட்ஸுக்குப் பயந்தான். மர்ஸூக் கள்ளனுக்குப் பயந்தார். போகப்போக யாருக்குப் பயப்படுகிறோம் என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது. வாளி ஒருமுறை கல்லில் மோதிக் கணகணத்தபோது, துரை எழுந்துவிடப் போகிறாரே என்று அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விறகு முடிந்தது. தொட்டியும் நிறைந்தது. ஜன்னல் வழியே வந்த ரொட்டியையும் சம்பலையும் தின்றுவிட்டு, ஹம்ஸியாவிடம் ஏதோ சொல்லி, பூட்ஸுக்கு ஒரு பெரிய சலாம் வைத்துவிட்டு, கள்ளன் முன்வாசல் வழியாகவே நடந்துபோனான்.

அவன் தெருமுனை தாண்டியதும் மர்ஸூக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா என்ட மூளைய? ஒரு குண்டுமணி போகல்ல!"

"பாத்தேன், பாத்தேன்."

"போற நேரம் உன்னட்ட என்ன சொன்னான்?"

"அந்தத் தண்ணிக்கார ஆள் ஒண்டுக்கும் உதவான், வேற ஆளப் பாருங்கம்மாண்டான்."

"நீ என்ன சொன்ன?"

"நானும் கனகாலமா அதத்தான் யோசிக்கிறேண்டு சொன்னேன்."