புட்வால்வு அண்ணன் பார்த்த கம்ப்யூட்டர்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஓடுகிற தண்ணீர் மோட்டார்களில் பாதி, புட்வால்வு அண்ணனுக்குப் பயந்து ஓடுகின்றன. மீதிப் பாதி, அவர் மேல் உள்ள மரியாதையால் ஓடுகின்றன. சந்தேகம் இருந்தால் எங்கள் பக்கத் தென்னந்தோப்பு எதிலாவது போய், மக்கர் பண்ணுகிற மோட்டாரிடம் அவர் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பெயர் என்றால் பட்டப்பெயர்தான். கிணற்றுக் குழாயின் அடி நுனியில், ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொண்டு கிடக்குமே, அதுதான் புட்வால்வு. நம் ஆளும் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் லேசில் எழ மாட்டார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு விசித்திரம். மோட்டார்களை ‘வாங்க, போங்க’ என்பார். மோட்டாரின் சொந்தக்காரர்களை ‘வாடா, போடா’ என்பார். ஒரு பஞ்சாயத்து மெம்பரின் தோப்பில், ஐந்து எச்.பி. மோட்டாரைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, “ரெண்டு நாளா இவங்களுக்கு ஒடம்பு சரியில்லே. நீ எங்கடா போயிருந்தே?” என்று அதட்டினார். மெம்பர் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். அதுவும் மோட்டாரைப் பார்த்து.

மீட்டர், டெஸ்டர் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு நீள ஸ்குரூடிரைவர்தான். முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அந்த நேரத்தில் ஈ பறக்கக் கூடாது. ஒரு கோயில் திருவிழாவில் தண்ணீர்த் தொட்டி மோட்டார் நின்றுபோக, இவர் காதை வைத்தபடியே கையை உயர்த்தினார். செண்டைக்காரர்கள் பதினோரு பேரும் கோலைத் தூக்கினபடி அப்படியே நின்றார்கள். சாமியும் பல்லக்கில் கொஞ்ச நேரம் காத்திருந்தது. “பேரிங் போச்சு, இனி கொட்டலாம்” என்று அவர் சொன்ன பிறகுதான் திருவிழா நகர்ந்தது.

இப்பேர்ப்பட்ட மனுஷன் என் கம்ப்யூட்டரில் கைவைத்த கதையைச் சொல்கிறேன்.

நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து சித்தூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறோம். வீடியோ வேலையில் கம்ப்யூட்டர் கொதிக்கும். பாலக்காட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம். அதனால் தண்ணீரில் குளிர்கிற வகைக் கம்ப்யூட்டர் வாங்கினோம். உள்ளே விரல் அளவுக்கு ஒரு மோட்டார், இரண்டு ரப்பர் குழாய், காரில் இருப்பது போல ஒரு குட்டி ரேடியேட்டர். வந்த நாளிலிருந்தே சண்டை. அந்த அறையில்தான் நான் குரல் பதிவு செய்வேன், அதனால் மோட்டார் மெதுவாக ஓட வேண்டும் என்பது என் கட்சி. “மெதுவா ஓட்டினா வெந்துபோயிரும் மாப்ளே” என்பது மச்சான் கட்சி. பேச்சு முற்றி, பேச்சே நின்றுபோனது. நான் ஸ்டுடியோவில் இருந்தால் அவர் எதிர் டீக்கடையில் இருப்பார். அவர் உள்ளே வந்தால் நான் டீக்கடைக்குப் போய்விடுவேன். டீக்கடைக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டருக்கு வந்தது கேடு. மோட்டார் ‘ஊ...ம்’ என்று இறங்கும், ‘ஊ...’ என்று ஏறும், திடீரென்று ஓய்ந்துவிடும். சூடு தொண்ணூறைத் தாண்டினதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். வெட்டி ஒட்டின படத்தை ஒரே படமாகச் சேர்த்தெடுக்கிற கடைசி வேலை, மூன்று தடவையும் பாதியில் செத்தது. பாலக்காட்டிலிருந்து ஒரு சர்வீஸ்காரப் பையன் வந்து பார்த்துவிட்டு, “சேட்டா, போர்டு போயி” என்று கையை விரித்தான். புதுசு வர ஒரு வாரம் ஆகுமாம்.

ஒரு வாரத்துக்கு எங்கே போவது? கையில் இருந்தது ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளை எங்கள் ஊர், பெண் மலைமேல் சின்னக்கானல். பெண்ணின் அப்பா அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வழுக்கி விழுந்து கால் முறிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். மகள் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வரவேற்பு. தினமும் எனக்குப் போன் பண்ணுவார்.

“ஏ தம்பி, எம்மவ கழுத்துல தாலி ஏறுனத நான் இன்னும் பாக்கலய்யா. போன்ல காட்டுனாக, டவர் இல்லாம நின்னு நின்னு போச்சு. ஞாயித்துக்கெழம வெள்ளத்துணி கட்டிப் படம் பாக்க லயத்து ஆளுக அம்புட்டுப் பேரும் உக்காரப் போறோம். ஏமாத்திப்புடாதய்யா.”

“ஏமாத்த மாட்டேங்க” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கிழமை வெள்ளி.

காலை பத்து மணிக்கு, மாடித் தொட்டி மோட்டாரைப் பார்க்க வந்த புட்வால்வு அண்ணன், படியில் ஏறும்போதே நின்றார்.

“உள்ளே ஆரோ அழுகறாங்களே.”

“ஆருமில்லீங்கண்ணா, கம்ப்யூட்டருங்க.”

“மோட்டார் அழுகறது எனக்குத் தெரியாதா? அக்கட்டால தள்ளுடா.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் விளக்கெல்லாம் மின்னுவதைப் பார்த்ததும், “ஆஸ்பத்திரியில போடற ஆளைக் கொண்டாந்து சர்க்கஸ்ல விட்டிருக்கே” என்றார். பிறகு குசலம் விசாரித்தார்.

“கெணறு எங்கே?”

“கெணறெல்லாம் இல்லீங்கண்ணா. உள்ளேயே அரை டம்ளர் தண்ணி. அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வருமுங்க.”

“அதே தண்ணியா? காலம் பூரா? அடப்பாவிகளா!”

ஸ்குரூடிரைவர் காதுக்குப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியை லேசாகச் சாய்த்துக் கேட்டார். “காத்து அடைக்கலே” என்றார். இரண்டு குழாயிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். “அடைப்பும் இல்லே.” அப்புறம் கண்ணை மூடி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஏறுவதற்கு எண்ணினார், இறங்குவதற்கு எண்ணினார். பத்து நிமிஷம் ஓடிற்று. எனக்கு ஒரே எரிச்சல். அவர் கண்ணைத் திறந்தார்.

“சீக்கு வந்தா ஒரே மாதிரி அழுகோணும். இவங்க நாலு எண்ணறதுக்குள்ள ஏறறாங்க, ஒருவாட்டி ஏழுல எறங்கறாங்க, ஒருவாட்டி ஒம்போதுல எறங்கறாங்க. இவங்களுக்கு ஒண்ணுமில்லே. ரெண்டு பேரு இவங்களை ஓட்டறீங்க. கடைசியா ஸ்விட்ச்சுல கை வெச்சது ஆரு?”

கம்ப்யூட்டரைப் போட்டதும் வருகிற நீலச் செட்டிங்ஸ் திரைக்குள் நுழைந்து, மோட்டார் வேகத்தைக் குறைத்து வைத்தது நான். யாருக்கும் சொல்லவில்லை. மச்சான் ஏதாவது செய்திருப்பாரோ?

புட்வால்வு அண்ணன் வாசலுக்குப் போய், ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி, “டேய் மச்சான்காரா! இங்கே ஒரு உசுரு போகுது, நீ அங்கே வடை திங்கறயா?” என்று கத்தினார். மச்சான் பாதி வடையோடு ஓடி வந்தார். விசாரணை நடந்தது. பெட்டிக்குள் மின்னுகிற கலர் விளக்கோடு வந்த சாஃப்ட்வேரில் அதே மோட்டாரை முழு வேகத்துக்கு வைத்தது அவர். அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

என் ஏற்பாடு மோட்டாருக்குப் போகிற கரண்டையே குறைத்துவிட்டது. மச்சானின் ஏற்பாடு, அந்த அரைக் கரண்டில் வேகமாக ஓடச் சொல்லி விரட்டியது. பாவம், அது மூச்சுத் திணறி நிற்கும், மறுபடி எழுந்து ஓடும்.

“கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கூட்டுக் கெணறு” என்றார் அண்ணன். “மோட்டார் ஒண்ணு, அண்ணனுக்கு ஒரு ஸ்டார்ட்டர், தம்பிக்கு ஒரு ஸ்டார்ட்டர். அவன் போடுவான், இவன் நிறுத்துவான். அந்த மோட்டாரும் இப்பிடித்தான் அழுதாங்க. லோ வோல்ட்டேஜ்ல மோட்டார் மெதுவா ஓடாதுடா, கருகும். தோட்டத்துக்காரன் மகன் நீ, இதுகூடவா தெரியாது? கரண்டை முழுசாக் குடு. ஓட்டறதை ஒருத்தன் ஓட்டு.”

“அப்போ குரல் பதிவுக்குச் சத்தம் வருமேங்கண்ணா?”

“மைக்கைத் தூக்கிட்டு அக்கட்டு ரூமுக்குப் போ. உனக்குக் கால் இருக்குது, இவங்களுக்கு இல்லே.”

நீலத் திரைக்குப் போய் முழுக் கரண்ட் கொடுத்தேன். வேகத்தை மச்சான் கையில் விட்டேன். அழுகை நின்றது. ஒரே சீரான முனகல். சூடு அறுபதில் வந்து உட்கார்ந்தது. பத்து நாளைக்குப் பிறகு மச்சான் என்னைப் பார்த்து, “வடை வேணுமா மாப்ளே?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

தாங்குகிறதா என்று பார்க்க, தாலி கட்டும் நேரத்தின் நாலு கேமராப் படத்தையும் ஒன்றாக ஓட்டினோம். அண்ணன் அதற்குள் நாற்காலியில் நன்றாக அமர்ந்துவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் விரலை வைத்தார்.

“இந்தப் புள்ளை ஆரைத் தேடுது?”

மூன்றாவது கேமராவில், தாலி ஏறுகிற நொடியில் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மண்டப வாசலைப் பார்க்கிறாள். இரண்டு நொடிதான். எங்கள் தொழிலில் அது பிசகு. வெட்டித் தள்ளிவிட்டேன் என்று சொன்னேன். அப்பாவின் கதையையும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் இறங்கி நான் கேட்டேன்.

“அப்பன் பாக்கறதுக்குத்தானே இந்தப் படம்? அவரைத் தேடினதை வெட்டிப் போட்டுட்டு, மத்ததையெல்லாம் அவருக்குக் காட்டப் போறயா?”

வெட்டினதை எடுத்துத் திரும்பச் சேர்த்தோம். கடைசி வேலையைத் தொடங்கினோம். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வரை பெட்டி மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான்கு டீ, ஏழு வடை. படம் முழுசாக வெளியே வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் மச்சான் அதை எடுத்துக்கொண்டு சின்னக்கானலுக்கு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை அந்த அப்பா போன் பண்ணினார்.

“தம்பி... தாலி கட்டுறப்ப எம்மவ வாசலப் பாத்தாள்ல, அத நாலு தரம் போடச் சொல்லிப் பாத்தேன்யா. லயமே அழுதுச்சு. நான் போகலயேங்கிற வேதன அத்தோட போச்சு.”

போனை வைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அண்ணனைத் தேடிப் போனேன். ஒரு தோப்பில், மோட்டாரைப் பிரித்துப் போட்டு, முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தார். அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், துணியை எடுத்துக் கையைத் துடைக்கப் பார்த்தார். துடைக்க விடவில்லை நான். அந்தக் கிரீஸோடேயே அவரைக் கட்டிக்கொண்டேன்.