எண்ணூறு பேர் ஆட்சேபித்த கல்யாணம்

கார்வர் கிரீக், கன்சாஸ்
1909 ஜூலை 19, திங்கட்கிழமை

பெல்ஃபோர்டில் வாசம் செய்யும் என் மூத்த சகோதரி லவினாவுக்குத் தம்பி ஆரின் டில்லட்சன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பெர்த்தாவும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் மாவு மில்லும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். மழை போதுமான அளவு பெய்தது. சோளம் தோளுயரம் நிற்கிறது. முறைப்படி விசாரிக்க வேண்டியவற்றில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், விசாரித்ததாகவே வைத்துக்கொள்.

ஆறு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது என்னத்துக்கு எழுதுகிறான் என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. அத்தான் நம் ஊரை விட்டு பெல்ஃபோர்டுக்குக் குடிபோய் மில் வைத்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வருஷம் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்தன்று, நம் மைதானத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில், நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பெல்ஃபோர்டுக்காகக் கைதட்டினார் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெல்ஃபோர்டு மண்ணில் இனி என் கால் படாது என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதே பேச்சுதான். கால்தான் படாது என்றேன், கடிதம் படலாம். என் மகள் கோரா சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து உங்கள் ஊரில்தான் இருக்கிறாள். என்னோடு பேசமாட்டேன் என்கிறாள். நீ போய் அவளைப் பார்த்து எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்று எழுதுகிறேன். இரண்டு நாள் ஆகியும் அதிர்ச்சி தீரவில்லை. மை சிந்தியிருந்தால் மன்னித்துக்கொள்.

மூன்று நதி லீக் என்று ஒரு பேஸ்பால் போட்டியைப் போன வருஷம் ஆறு ஊர்கள் சேர்ந்து ஆரம்பித்தது உனக்குத் தெரிந்திருக்கும். அதன் சரித்திரத்தை எழுதித் தரும்படி ஊரார் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். சவப்பெட்டியும் மேஜை நாற்காலியும் விற்கிறவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று நினைக்காதே. பேஸ்பால் கேலரியில் இடம் போதாமல் போனபோது சாவு வீட்டுக்கு வாடகைக்கு விடும் என் மடக்கு நாற்காலிகள் அறுபதையும் கொடுத்தவன் நான். மேட்ச் நாளில் யாராவது செத்துப்போனால் துக்கத்துக்கு வந்தவர்கள் நின்றுகொண்டுதான் அழவேண்டும். அந்த உரிமையில் இருபத்துநாலு பக்கத்துக்கு எழுதினேன். முதல் வருஷம் ஜூன் மாதத்திலேயே ஓர் ஊரின் கேலரியைச் சூறாவளி தூக்கிக்கொண்டு போனது, இன்னோர் ஊரின் அணி ரயில் மாறி ஏறி மிசௌரி எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது, ஆறு ஊர் நான்காகி, புதிதாக ஒன்று சேர்ந்து ஐந்தாகி, ஐந்து ஊரை வைத்து ஆட்ட அட்டவணை போடத் தெரியாமல் ஓர் அணி வாரம் முழுக்கச் சும்மா இருந்தது, எல்லாம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், 'எந்த அணி எங்கே போனாலும் கார்வர் கிரீக் அணி தன் மண்ணை விட்டு ஒருநாளும் போகாது' என்று முடித்திருந்தேன். முந்நூறு பிரதி அச்சாகி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்து இறங்கியது. பத்தரை மணிக்குப் பத்திரிகை வந்தது. அணி பெல்ஃபோர்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று அதில் போட்டிருந்தது.

அக்கா, செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் பாண்டு வாத்தியம் வாசித்து வழியனுப்பி வைத்த அணி அது. வெளியூரில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பி வரப்போகிறவர்கள். இடையில் எங்கள் கிளப் தலைவர், தொழிலில் ஐஸ் வியாபாரி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தந்தியிலேயே காரியத்தை முடித்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க டிராம் வண்டி மைதானத்து வாசல் வரைக்கும் போகுது ஆரின்"ங்கிறார். பசங்க நம் சட்டையோடு போயிருக்கிறார்களே என்றேன். "சட்டையும் சேர்த்துத்தான்"ங்கிறார். அந்தச் சட்டைகளில் ஊர்ப் பெயரைத் தைத்தது பெர்த்தா. அவள் அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

இது மட்டும் என்றால் நானும் ஊரோடு சேர்ந்து திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அந்த அணியின் கேட்சர் லேயோ கன்கெலுக்கும் கோராவுக்கும் சனிக்கிழமை கல்யாணம். அதுவும் தேவாலயத்தில் இல்லை. மைதானத்தில், மட்டைக்காரன் நிற்கும் ஹோம் பிளேட்டில், ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னால், ஊரே பார்க்க. இப்போது எல்லா லீக்கிலும் அப்படித்தான் செய்கிறார்கள், கூட்டம் கூடும், கடைக்காரர்கள் ஆளுக்கொரு பரிசு தருவார்கள் என்று சொல்லி நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். கசாப்புக் கடைக்காரர் முழுசாக ஒரு பன்றித் தொடை கொடுத்தார், மளிகைக்காரர் ஒரு மூட்டை சீனி, இன்னொருவர் ஆடும் நாற்காலி, யாரோ இரண்டு முட்டைக் கோழிகள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராக வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பன்றித் தொடையில் பெர்த்தா நாலு துண்டு அறுத்திருந்தாள். கசாப்புக் கடைக்காரர் அந்த நாலையும் கேட்டு வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார்.

"பெல்ஃபோர்டுக்காரன் பல்லுல என் கறி படக்கூடாது, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை, அதுதான் கேவலம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றியது.

பாதிரியாரிடம் ஓடினேன். அவர் வாரம் தவறாமல் மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்து கத்துகிற மனிதர். "ஆரின், எதிரிகளையும் நேசிக்கணும்னு வேதத்துல இருக்கு, நான் மறுக்கல. அதுல பெல்ஃபோர்டும் சேர்த்தியான்னு யோசிக்க எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்று கோராவிடம் சொன்னேன். அவள் முக்காட்டுத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் ஊரையா கட்டிக்கறேன்? அவரைத்தானே கட்டிக்கறேன்? ஹோம் பிளேட்டுதான் வேணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தது நீங்க. இப்ப பிளேட்டு மாறலியே, அங்கதானே கெடக்கு?" என்றாள். நியாயமாகப் பேசுகிற பெண்ணுக்குத் தகப்பனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளை இல்லாத உனக்குச் சொன்னால் புரியாது. மன்னித்துக்கொள், அப்படி எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் மை கலைந்து அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிடுகிறேன்.

இனிமேல்தான் அக்கிரமத்தின் உச்சம். பெல்ஃபோர்டு மைதானத்தில் சனிக்கிழமை மாட்டுச் சந்தை. அதனால் பெல்ஃபோர்டின் முதல் சொந்த மைதான ஆட்டத்தை எங்கள் மைதானத்திலேயே வைத்துவிட்டார்கள்! எங்கள் பையன்கள், எங்கள் மைதானம், எங்கள் சட்டை, பெயர் மட்டும் பெல்ஃபோர்டு. சட்டையில் எழுத்துகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள், ஆனால் துணி வெளுத்ததில் எழுத்திருந்த இடம் மட்டும் கருநீலமாகக் 'கார்வர் கிரீக்' என்றே படிக்க முடிந்தது. லேயோ ரயிலை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம் வந்தான். நல்ல பையன். பத்து விரலில் ஆறு விரல் உடைந்து கோணலாகக் கூடியிருக்கும், மட்டைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர்களுக்கு அப்படித்தான்.

"மாமா, டிக்கெட்டைக் கையில குடுத்தாங்க, ஏறினேன். நான் எந்த ஊருக்கு ஆடறேன்னு எனக்கே சட்டையப் பார்த்தாத்தான் தெரியும். இப்ப அதுலயும் ஒண்ணும் எழுதல" என்றான்.

"ஆடமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா வேற எந்த ஊர்லயும் ஆடவிட மாட்டாங்க மாமா. பேரை எழுதி வெச்சுருவாங்க. அப்புறம் உங்க பொண்ணுக்கு நான் எப்படிச் சோறு போடறது?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும், உனக்குத் தெரியும். 'அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவனிடம் என் மகளைக் கைபிடித்து அழைத்து வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டுக் கேலரியில் போய் உட்கார்ந்துவிட்டேன், என் சொந்த நாற்காலியில்.

எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். அணி இருந்தபோது ஒருநாளும் இத்தனை பேர் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் திட்டுவதற்காக வந்தார்கள். பாண்டு கோஷ்டி கல்யாண வாத்தியம் வாசிக்க மறுத்துச் சவ ஊர்வலப் பாட்டை எடுத்தது. அது எனக்குத் தினப்படி கேட்டுப் பழகிய பாட்டு, ஆனால் என் மகள் வெள்ளை உடுப்பில் பெர்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி நடந்து வந்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். பாதிரியார் வரவில்லை. என்ன செய்வது என்று எல்லாரும் முழித்தபோது அம்பயர் மக்காலி முன்னால் வந்தார். இந்த லீக்குக்கே அவர் ஒருவர்தான் அம்பயர், மற்ற நாளில் நம் ஜில்லாவிலேயே ஒரு குக்கிராமத்தில் கல்யாணம் செய்துவைக்க அதிகாரம் உள்ள மாஜிஸ்திரேட். கல்யாண லைசென்ஸை வாங்கிப் படித்தார், தொப்பியைக் கழற்றினார், ஆரம்பித்துவிட்டார். வழக்கப்படி, "இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லலாம்" என்றார்.

எண்ணூறு பேரும் ஒரே வீச்சில் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள்.

மக்காலி அசையவில்லை. சத்தம் ஓயும்வரை கைகட்டி நின்றுவிட்டு, "உக்காருங்கய்யா! ரெண்டு வருஷமா நான் எதைச் சொன்னாலும் எந்திரிச்சுக் கத்தறீங்க. உங்க ஆட்சேபணைய காதுல வாங்கியிருந்தா நான் ஒரு ஆட்டத்தையாவது முடிச்சிருப்பனா? தள்ளுபடி! கேட்சர், பொண்ணு கையப் பிடி" என்றார். லேயோவின் கோணல் விரல்களால் மோதிரத்தைப் பிடிக்க முடியவில்லை, இரண்டு முறை புழுதியில் விழுந்தது. கோராவே எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "கல்யாணம் முடிஞ்சுது, ஆட்டம் ஆரம்பிக்கலாம்!" என்று மக்காலி ஒரே மூச்சில் கத்தினார். மாப்பிள்ளை முகமூடியை மாட்டிக்கொண்டு அங்கேயே குந்தி உட்கார்ந்தான்.

அக்கா, எண்ணூறு பேர் எழுந்தார்கள் என்றேன் அல்லவா? நானும் எழுந்தேன். யோசித்து எழுந்தேனா, பக்கத்தில் எல்லாரும் எழுந்ததால் கால் தானாக எழுந்ததா, எனக்கே தெரியாது. வாயும் திறந்திருந்தது. அந்த நேரம் பார்த்து கோரா கேலரிப் பக்கம் திரும்பினாள். நான் உடனே உட்கார்ந்தேன், ஆனால் பார்த்துவிட்டாள். ஒன்பது இன்னிங்ஸும் கல்யாண உடுப்போடு மாப்பிள்ளை அணியின் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் திட்ட வந்தோமே, திட்டவும் முடியவில்லை. நம் பையன் ஒருவன் பாய்ந்து பந்தைப் பிடித்தால் கை தானாகத் தட்டிவிடுகிறது, அப்புறம் நம் கையை நாமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாலுக்கு இரண்டு என்று ஜெயித்தும் விட்டார்கள்.

சாயங்கால ரயிலுக்கு நான் ஓடிப் போய் ஜன்னல் பக்கம் நின்றேன். "கோரா, அந்தக் கூட்டத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"எண்ணூறு பேர் எந்திரிச்சாங்க அப்பா. நான் ஒருத்தரைத்தான் பார்த்தேன்" என்றாள். ரயில் கிளம்பிவிட்டது.

எத்தனையோ பேரை அடக்கம் செய்தவன் நான். ஒருவரையும் இப்படி வழியனுப்பியதில்லை. நீ அவளைப் போய்ப் பார். டிராம் கடைசி நிறுத்தத்தில் ஏதோ வாடகை அறையாம். அப்பாவுக்குக் கால் மரத்துப்போய் எழுந்தார் என்று சொல். வேண்டாம், பொய் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவாள். வெட்கப்படுகிறார் என்று மட்டும் சொல். நானே வந்து சொல்லலாம், ஆனால் ஊரார் முன் சொன்ன சொல் ஒன்று இருக்கிறது, பெல்ஃபோர்டில் கால் வைக்கமாட்டேன் என்பது, அதை மாற்றிக்கொண்டால் நாளைக்கு இந்த ஊரில் நான் எப்படித் தலைகாட்டுவது?

உனக்கு நீண்ட ஆயுளும், உன் வீட்டுக்கு நிறைவும் உண்டாகட்டும். அத்தானுக்கு என் விசாரிப்பைச் சொல், கைதட்டிய கைகளைத் தவிர மீதி அத்தானுக்கு.

இப்படிக்கு, மாறாத பிடிவாதமும் குறையாத பாசமும் உள்ள உன் தம்பி,
ஆரின் டில்லட்சன்

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): கடிதத்தைத் தபாலில் போடப் போன வழியில் பத்திரிகையைப் பார்த்தேன். மூன்று நதி லீக் நேற்றோடு கலைந்துவிட்டதாம். இனி எங்களுக்கும் அணி இல்லை, உங்களுக்கும் அணி இல்லை. பெல்ஃபோர்டு அணி இருந்தது மொத்தம் ஐந்து நாள். மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. ஐந்து நாள் இருந்த ஒன்றுக்காக நான் பெற்ற மகளுக்கு எதிராக எழுந்து நின்றிருக்கிறேன், அக்கா. கடைத்தெருவில் நின்று இதைப் படித்தவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். இந்தக் கடைசி வரிகளை ரயிலில் பென்சிலால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உன் எதிரிலேயே நிற்கிறேன், நேரில் பேச வாய் வராது. அவசரம் இல்லை, மெதுவாகவே படித்து முடி. என்னை உள்ளே கூப்பிட உனக்கு மனம் வராவிட்டால், டிராம் எந்தப் பக்கம் என்று கையை மட்டும் காட்டு, நான் போய்க்கொள்கிறேன்.