காலி நாற்காலி போட்ட அட்டை

உலகத்தில் காதலை இந்தப் பதிப்பகம் அளவுக்குக் கட்டிக் காத்தவர் எவருமில்லை. திருநங்கைகளுக்கும் காதல் வரும் என்று 'கண்டுபிடித்ததே' இவர்கள்தான். ஏழு நாவல்கள், ஏழு திருநங்கை நாயகிகள். ஏழு பேரும் கடைசி அத்தியாயத்தில் காலமானார்கள். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லவர்களானார்கள்.

எட்டாவது நாவலை எழுதிய தையல்காரியே ஒரு திருநங்கை. அவளுடைய நாயகி சாகவில்லை. ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று புருஷனோடு மல்லுக்கட்டி, சமாதானமாகி, பச்சைத் திரையை மாட்டுவதோடு கதை முடிந்தது. அந்த முடிவைக் காப்பாற்றத்தான் 'முடிவுக் குழு'வின் முன் வந்து உட்கார்ந்திருந்தாள்.

குழு என்றால் இருவர்: பதிப்பாளர், அவருடைய மச்சான்.

"பிரமாதம்மா," என்றார் பதிப்பாளர். "ஒரே ஒரு சின்னத் திருத்தம். அவ செத்துடணும்."

"எதுக்கு சார்?"

"நம்புற மாதிரி இருக்கணும்ல? திரைக்குச் சண்டை போடுறதெல்லாம் யார் வீட்ல நடக்குது?"

"நேத்து எங்க வீட்ல நடந்துச்சு சார். அவர் இன்னும் முகம் குடுத்துப் பேசல."

"அது வாழ்க்கை. இது 'பிரதிநிதித்துவம்'," என்றார் மச்சான். வேறொரு நாவலில் விமானத்திலிருந்து விழுந்த நாயகன் தலை கலையாமல் காதலியின் மொட்டைமாடியில் இறங்கியதை, போன மாதம் 'எதார்த்தம்' என்று ஒப்புக்கொண்டவர் இவரே. "காய்ச்சல்னா சுத்தமா இருக்கும். லாரின்னா சட்டுனு முடியும். உங்க இஷ்டம்தான், நாங்க எதையும் திணிக்க மாட்டோம்."

"ரெண்டும் வேணாம் சார்."

பதிப்பாளர் பெருமூச்சு விட்டு ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கதையைப் படிப்பதற்கு முன்பே அட்டையை அச்சடித்துவிடுவது அந்தப் பதிப்பகத்தின் வழக்கம். ஆயிரம் அட்டைகள் தயார். காலி நாற்காலி, பக்கத்தில் வாடிய ரோஜாச் செடி.

"பாத்தீங்களாம்மா? நாற்காலி காலி. ஆள் எங்க?"

அளவு தப்பிய சட்டையை எங்கே பிரித்தால் சரியாகும் என்று பார்ப்பதுபோல, அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடைக்குப் போயிருக்கா சார். திரைத்துணி வாங்க."

மச்சான் விடுவாரா? "செடி வாடிக் கெடக்கே?"

"தண்ணி ஊத்துறது புருஷன் முறை. மறந்துட்டாரு. அடுத்த சண்டையே அதுதான்."

குழு பக்கத்து அறைக்குப் போய்க் கூடிப் பேசித் திரும்பியது. குறிப்பேட்டில் ஏறியது: 'அட்டை வீணாகாது என்பதால், நாயகி உயிரோடிருக்க ஒருமனதாக அனுமதிக்கப்படுகிறது.'

"எங்க பெருந்தன்மையப் பத்தி முன்னுரையில ரெண்டு வரி எழுதிடுங்கம்மா."

"எழுதுறேன் சார்."

கிளம்பும்போது சுவரைப் பார்த்தாள். பழைய ஏழு அட்டைகளும் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்கின. ஏழிலும் அதே காலி நாற்காலி.

"இவங்களும் கடைக்குத்தான் சார் போயிருப்பாங்க," என்றாள். "வர்றதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?"