ஸ்டியரிங்கில் அழுதவள்

பேய் பிசாசெல்லாம் சும்மா என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறவன் செகண்ட் ஹேண்ட் கார் மட்டும் வாங்கவே கூடாது. நான் அப்படித் திரிந்தேன், காரும் வாங்கினேன்.

மதகடிப்பட்டு புரோக்கர் ஒருவர் மூலமாக வந்த வண்டி. முன்பு வைத்திருந்தவர் எங்கே என்று கேட்டதற்கு, “அவுரு போயிட்டாருப்பா” என்றார். எங்கே போனார் என்று கேட்டிருக்கலாம். (ஏ.சி. ஜிலுஜிலுவென்று வந்தது. கேட்கத் தோன்றவில்லை.)

கரையாம்புத்தூருக்கு ஓட்டி வரும்போது முதல் வளைவிலேயே அழுகை கேட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, என் காலடியிலிருந்து, ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்முவதுபோல இழுத்து வரும். நேராகப் பிடித்தால் அடங்கிவிடும். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துக் கையை எடுத்தேன். ஸ்டியரிங் தானாக ஒரு விரற்கடை திரும்பியது. ஒரே ஒரு விம்மல். சாவியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். (ஓடவில்லை. கொஞ்சம் வேகமாக நடந்தேன்.)

மறுநாள் கொட்டுகிற மழையில் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். அவள் மூச்சுக்கூட விடவில்லை. சர்வீஸ் தேவைப்படுவது வண்டிக்கு இல்லை என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். மழை விட்டு ஊர் காய்ந்ததும் மறுபடி அழ ஆரம்பித்தாள்.

அந்த வாரம்தான் தங்கை கவிதாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. போட்டோவைப் பார்த்தே அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்களை வில்லியனூர் ஸ்டேஷனில் ஏற்றி வருவது என் பொறுப்பு. “அண்ணே, இந்த ஒரு தபா மட்டும் எதையும் கெடுத்துடாத” என்றாள். அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

ஆகவே பகுத்தறிவைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பூசாரியிடம் போனேன். கறுப்புக் கயிற்றில் செப்புத் தாயத்து ஒன்றைக் கோத்து மந்திரித்துக் கொடுத்தார். அழுகிற இடத்திலேயே கட்ட வேண்டும், கட்டியதை நானாக அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் அவளுக்குக் கோபம் வரும் என்றார். வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க, வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து, பெடலுக்கு மேலே ஸ்டியரிங் ராடில் கட்டினேன். எழுந்து திருப்பிப் பார்த்தேன். விம்மல் அப்படியே இருந்தது. கூடவே ஜல்... ஜல்... என்று இன்னொரு சத்தம். அதுவரை அழ மட்டும் செய்தவள் இப்போது கொலுசும் போட்டுக்கொண்டாள். அவிழ்க்கலாமா என்று கை போனது. பூசாரி சொன்னது ஞாபகம் வந்து திரும்பி வந்தது.

ஞாயிறு பிற்பகல் வானம் இருண்டு கிடந்தது. ஆனால் மழை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் அப்பாவும் பின்னால். மதகடிப்பட்டில் திரும்பினேன். விம்மல். பின் சீட்டில் பேச்சு நின்றது. அடுத்த திருப்பத்தில் கொலுசு. நான் இருமினேன். அதற்கடுத்த திருப்பத்தில் பாட்டே பாடிப் பார்த்தேன். (என் பாட்டுக்கு அவள் அழுகை தேவலை.) இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. எதிரே ஒரு வண்டி வரவில்லை. தோகைகூட அசையவில்லை.

“தம்பி, ஓரம் கட்டு” என்றார் அந்த அம்மா.

நிறுத்தினேன். எஞ்சின் அடங்கியது. கையை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டியரிங் மெதுவாக, தானாக, ஒரு விரற்கடை திரும்பியது. ஒரு விம்மல், ஒரு ஜல்.

“யாரு தம்பி அது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரிலமா. வாங்கும்போதே இருந்தாங்க.”

பின் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அப்பா ரோட்டில் நின்றுகொண்டு, நல்லது பேச வந்த இடத்தில் இது இன்னாத்துக்கு, திரும்பிப் போயிடலாம் என்றார். கவிதாவின் முகம் என் கண் முன்னே வந்தது. அந்த அம்மாவும் இறங்கி என் பக்கம் சுற்றி வந்தார். என்னை இறக்கிவிட்டு, பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டார். கையை ராடுக்கு நீட்டி, “திருப்பு” என்றார். வெளியே நின்றபடியே திருப்பினேன். பெடலில் இடித்துக்கொண்டிருந்த தாயத்து அவர் கையோடு வந்தது. கொலுசு நின்றது.

“இன்னா இது?”

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுபடி திருப்பச் சொன்னார். விம்மல் வந்ததும், ராடு தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் இருந்த ரப்பரை அழுத்திப் பிடித்தார். பாதி விம்மலில் அழுகை நின்றது.

“ரப்பர் காஞ்சி போச்சிபா. ராட கவ்விப் புடிச்சிக்குது, கைய வுட்டதும் திருப்பி வுடுது. எங்க வூட்டு பிரிட்ஜ் கதவும் இப்டித்தான் அழுதுகினு கெடந்துச்சி.”

கைப்பையிலிருந்து, கால் வெடிப்புக்கு வைத்திருந்த வாசலின் டப்பாவை எடுத்து ரப்பரைச் சுற்றித் தடவினார். திருப்பினேன். சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவ்வளவு நாள் கூடவே இருந்தவள், சொல்லிக்கொள்ளாமல் எங்கேயோ இறங்கிப் போய்விட்ட மாதிரி இருந்தது.

அந்த அம்மா மாப்பிள்ளையின் அப்பாவைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டு, கவிதாவிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து, “பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா கல்யாணத்துக்கு வண்டி நாங்களே எடுத்தாந்துக்கறோம்” என்றார்.

இன்றைக்கும் தங்கை வீட்டுக்குப் போனால் அந்த அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, “இன்னா தம்பி, அவங்க வரலியா?” என்று கேட்கிறார். கவிதாவும் உள்ளே போய் இரண்டு டம்ளர் டீ கொண்டுவருகிறாள். ஒன்றை என் கையில் கொடுக்கிறாள். இன்னொன்றை என் பக்கத்து நாற்காலிக்கு எதிரே வைக்கிறாள்.